மகன் பார்க்கும் ரீல்ஸும் வீட்டிலிருக்கும் தனி டம்ளரும்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். பத்தாவது முடித்த விடுமுறையில் போன் வாங்கிக் கொடுத்தோம். முதலில் கபடி, பைக் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எந்நேரமும் எங்கள் சாதித் தலைவர் படம், அரிவாள், 'ஆண்ட பரம்பரை' என்று பாட்டு. கையில் கலர் கயிறு கட்டியிருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த நண்பன் ஒருவன் உண்டு, காலனியிலிருந்து வருகிற பையன். போன மாதம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவனைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டிவிட்டான். தலைமையாசிரியர் எங்களைக் கூப்பிட்டு எச்சரித்தார். அந்தப் பையன் வீட்டில் புகார் எதுவும் கொடுக்கவில்லை. என் கணவர், "வயசுக் கோளாறு, சொந்தச் சாதியைப் பற்றிப் பெருமைப்பட்டால் என்ன தப்பு" என்கிறார். நாங்கள் சாதி பார்க்கிறவர்கள் இல்லை. தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களைக்கூட டீ கொடுக்காமல் அனுப்பியதில்லை. அவர்களுக்கென்று தனியாக டம்ளரே வைத்திருக்கிறோம். அப்படியிருக்க இவன் இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டான்? போன்தான் கெடுத்ததா, என் வளர்ப்பு சரியில்லையா? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஒரு தாய், தென்மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் நீங்கள் ஊர்ப் பெயரையும் சாதிப் பெயரையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் மகனையும், அவன் திட்டிய பையனையும் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் இரண்டையும் எடுத்துவிட்டேன். பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிற ஆலோசகர் என்ற முறையில், இதே கவலையோடு வருகிற தாய்மார்களை அடிக்கடி சந்திக்கிறேன். கயிற்றின் நிறம் மட்டும் மாறும்.

போனைப் பிடுங்கலாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் இன்றிரவே செய்துவிடக்கூடும். வேண்டாம். அவன் பார்க்கிற பக்கங்கள் எல்லாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது, "நம்மை யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள், நமக்கு நம்ம பசங்கதான்" என்பதைத்தான். நீங்கள் போனைப் பிடுங்கினால் அது உங்கள் வீட்டிலேயே நிரூபணமாகிவிடும். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் இன்னொருவன் போனில் அதே வீடியோவைப் பார்ப்பான். அங்கே நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். இரவு நேரத்துக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். 10 மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். எல்லோருடையதும் என்றால் உங்கள் கணவருடையதும்தான். படுக்கையில் தனியாக, தூக்கம் கெட்டுப் பார்க்கிற நேரத்தில்தான் பிள்ளைகள் எதையும் கேள்வி கேட்காமல் விழுங்குகிறார்கள்.

சரி, அந்த போனுக்குள் என்ன நடக்கிறது? உங்கள் மகன் என்ன சாதி என்று இன்ஸ்டாகிராமுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வீடியோவில் எத்தனை விநாடி நின்றான், லைக் போட்டானா, நண்பனுக்கு அனுப்பினானா என்பதுதான் அதற்கு வேண்டும். பார்க்கும் நேரம், லைக், அடுத்தவருக்கு அனுப்புவது இந்த மூன்றும்தான் மிக முக்கியம் என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியே 2025 ஜனவரியில் சொன்னார். ஏதோ ஒரு கபடி வீடியோவின் பின்னணியில் சாதிப் பெருமைப் பாட்டு ஓடியிருக்கும். பாட்டு அடிக்கிற அடியில் உங்கள் மகன் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்திருப்பான். அடுத்த தடவை அதே பாட்டு வேறு வீடியோவில் வரும், அதிலும் நிற்பான். இப்படியே போனால் கபடி காணாமல் போய்விடும், பாட்டு மட்டும் மிஞ்சும்.

அதன்பின் வருபவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. என்னிடம் வருகிற பையன்கள் தாங்களாகக் காட்டும்போது பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் பார்க்கிறேன். முதலில் பெருமை. தலைவர் படம், குருபூஜை ஊர்வலம், வரிசையாகக் கார்கள், ஸ்லோமோஷனில் இறங்கி நடந்து வருகிற அண்ணன்கள். இதில் யாரையும் யாரும் திட்டுவதில்லை. அடுத்து மனக்குறை. நாம் ஏமாற்றப்பட்டோம், நமக்கு வரவேண்டியதை வேறு யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம்தான் அந்த 'வேறு யாரோ'வுக்கு முகம் வருகிறது. தலித் இளைஞர்கள் திட்டம் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று 'நாடகக் காதல்' வீடியோக்கள், அவற்றுக்குக் கீழே வாயில் சொல்ல முடியாத கமெண்டுகள். கமெண்டில் ஆவேசமாக எழுதுகிற பையனுக்கு ஒரு நாள் மெசேஜ் வரும்: "தம்பி, நம்ம குரூப்ல சேர்ந்துக்க." அதுவரை இயந்திரம், அதற்குப் பிறகு மனிதர்கள். பக்கத்துக்கு ஃபாலோயர் சேர்க்கிறவர்கள், உள்ளூர் அரசியலுக்கு ஆள் பிடிக்கிறவர்கள், சும்மா கெத்துக்காக நடத்துகிறவர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள்.

கோபம் ஏன் இவ்வளவு சுலபமாகப் பரவுகிறது என்பதற்கு இந்த நிறுவனங்களின் உள் ஆவணங்களே பதில் சொல்கின்றன. ஃபேஸ்புக் 2017-லிருந்து கோபம், சிரிப்பு, அழுகை போன்ற எமோஜிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. யாராவது கோபமுகம் போட்டால் அந்தப் பதிவு இன்னும் அதிகம் பேருக்குப் போனது. கோபமுகம் அதிகம் வாங்கும் பதிவுகளில்தான் பொய்யும் வன்மமும் அதிகம் என்று அவர்களுடைய ஆய்வாளர்களே 2019-ல் கண்டுபிடித்தார்கள். கோபமுகத்தின் மதிப்பு பூஜ்யமானது 2020-ல்தான். அதற்கும் முன்னால், தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்தவர்களில் 64 சதவீதம் பேர் ஃபேஸ்புக்கின் பரிந்துரை வழியாகத்தான் சேர்ந்தார்கள் என்று 2016-ல் அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஓர் ஆய்வு சொன்னது. 2019 பிப்ரவரியில் அவர்கள் இந்தியாவில் ஒரு சோதனைக் கணக்கைத் தொடங்கி, தானாக எதையும் தேடாமல் பரிந்துரைப்பதை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மூன்றே வாரத்தில் வெறுப்பும் பொய்யும் பிணங்களின் படங்களும் அந்தக் கணக்கை நிறைத்தன. யாரும் கேட்காமலே வந்தவை அவை.

அப்படியானால் போன்தான் காரணம் என்று நீங்கள் நிம்மதி அடையலாம். உங்களுக்கு அந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது பாதி உண்மைதான். 2023-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, யூடியூபில் தீவிர வெறுப்புச் சேனல்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இன வெறுப்பும் பெண் வெறுப்பும் கொண்டிருந்தவர்கள் என்றும், அந்தச் சேனல்களுக்குத் தாங்களாகவே சந்தாதாரர் ஆனவர்கள் என்றும் காட்டியது. ஒன்றும் அறியாத அப்பாவியை இயந்திரம் இழுத்துக்கொண்டு போய் வெறியனாக்குவது அபூர்வம். ஏற்கெனவே மனதில் கொஞ்சம் இருப்பதைத்தான் அது கண்டுபிடித்துத் தீனி போடுகிறது. நம்மூரைப் பார்த்தாலும் இதுதான். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் ஒரு கலப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். அப்போது ரீல்ஸ் கிடையாது. இவ்வளவு பேர் கையில் ஸ்மார்ட்போனும் கிடையாது.

உங்கள் மகனின் மனதில் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது என்றால், அது எங்கிருந்து வந்தது? சகோதரி, உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். நீங்கள் சாதி பார்க்காதவர்கள் என்பதற்குச் சாட்சியாக அந்த டம்ளரைச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் அதை அன்போடுதான் எழுதினீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒருவேளை அது உங்கள் மாமியார் காலத்திலிருந்தே அந்த வீட்டில் இருக்கலாம். ஆனால் வீட்டுப் பிள்ளை அதை எப்படிப் பார்த்திருப்பான் என்று யோசியுங்கள். நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து அவன் பார்க்கிறான்: சில பேர் உள்ளே வந்து உட்கார்ந்து சில்வர் டம்ளரில் குடிக்கிறார்கள், சில பேர் வெளியே நின்று வேறு டம்ளரில் குடித்துவிட்டுத் தாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை விளக்கவில்லை. விளக்காமலே அவனுக்குப் புரிந்துவிட்டது, சில மனிதர்கள் தொட்டதைத் தொடக் கூடாது என்று. போனில் ஒருவன் அதையே சத்தம் போட்டுச் சொன்னபோது, அது புதிதாக ஒலிக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்ததை யாரோ தைரியமாகச் சொல்வதாகத்தான் பட்டிருக்கும்.

இதை எழுதுவது உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இல்லை. உங்கள் கையில் இருக்கிற ஒரே கருவி இதுதான் என்பதால் எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமை உங்களால் மாற்ற முடியாது. அந்த டம்ளரை நாளைக் காலையில் மாற்ற முடியும். வேலைக்கு வருகிறவரைத் திண்ணையிலோ உள்ளேயோ, மற்றவர்கள் உட்காருகிற இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் குடிக்கிற டம்ளரில் டீ கொடுங்கள். குடித்த டம்ளரை நீங்களே எடுத்துப்போய் மற்ற பாத்திரத்தோடு கழுவுங்கள். மகன் வீட்டில் இருக்கிற நேரத்தில் செய்யுங்கள். பழக்கத்தில் அவர் தயங்குவார், வேண்டாம் என்றுகூடச் சொல்வார். வற்புறுத்தி அவரைச் சங்கடப்படுத்தாமல், தினமும் அப்படியே கொடுங்கள். மகன் கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: "இத்தனை வருஷம் தப்பா செஞ்சுக்கிட்டு இருந்தோம், இனிமே இல்லை." மாமியார் இருந்தால் சண்டை வரும், கணவர் முகம் சுளிப்பார். அந்தச் சண்டை உங்கள் மகன் காதில் விழுவது நல்லது. தன் வீட்டிலேயே இதை ஒருவர் எதிர்த்துப் பேச முடியும் என்பதை அவன் இதுவரை கேட்டதே இல்லை.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். தன் ஊரை, தன் பாட்டன் உழைப்பை நினைத்து ஒருவன் சந்தோஷப்படுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பெருமைக்குக் கீழே ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என்றால்தான் பிரச்சினை. 'ஆண்ட பரம்பரை' என்றால் ஆளப்பட்டவர்கள் யார்? அந்தப் பாட்டு ஓடும்போது உங்கள் மகன் யாரை நினைக்கிறான் என்பது போன மாதம் வகுப்பில் தெரிந்துவிட்டது. எல்லாச் சாதியிலும்தான் இப்படிப் பக்கம் நடத்துகிறார்கள் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். நடத்துகிறார்கள், உண்மைதான். ஆனால் வெட்டுப்படுகிறவர்கள் எல்லாச் சாதியிலும் சமமாக இல்லை. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த தலித் மாணவன் ஒருவன், கூடப் படிக்கிற பையன்கள் தொல்லை கொடுப்பதாகப் பள்ளியில் சொன்னதற்காக அவன் வீட்டுக்குள் புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் ரவுடிகள் இல்லை, அதே பள்ளி மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள். உங்கள் மகனை விட அதிகப் பெரிய வயதும் இல்லை. அவர்களுடைய அப்பாக்களில் யாராவது அதற்கு முந்தின மாதம் 'வயசுக் கோளாறு' என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

அவரிடம் இன்னொன்றையும் நினைவுபடுத்துங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. வேறு எங்கோ நடந்த பழைய சண்டைகளை எடுத்துத் தமிழ்நாடு என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்த்தவர்களின் வீட்டிலிருந்து பதறிப்போய் போன் வந்தது, பலர் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசு இங்கே குழு அனுப்பி விசாரித்தது. வீடியோ பரப்பிய யூடியூபர் ஒருவர் கைதாகி மதுரைக்குக் கொண்டுவரப்பட்டார். அப்போது நாம் எல்லோரும் கொதித்தோம், நம்மைப் பற்றி இப்படிப் பொய் சொல்கிறார்களே, அதைப் படித்தவர்கள்கூட நம்புகிறார்களே என்று. காலனிப் பையன்களைப் பற்றி உங்கள் மகன் பார்க்கிற வீடியோக்களும் அந்த ரகம்தான். பீகாரில் ஒருவர் தமிழனைப் பற்றி நம்பியதை, உங்கள் மகன் பக்கத்து பெஞ்சுக்காரனைப் பற்றி நம்புகிறான். ஐந்து வருடம் கூடவே படித்தவனைப் பற்றி!

இனி மகனிடம் எப்படிப் பேசுவது. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வாக்குவாதத்திலும் இறங்காதீர்கள், அதற்கு அவனுக்கு ரெடிமேடாகப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனம் லேசாக இருக்கிற நேரம் பார்த்து, "நீ என்ன பார்க்கிறன்னு எனக்கும் காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். அரை மணி நேரம் சும்மா பாருங்கள். முகம் சுளிக்காமல் இருப்பது கஷ்டம்தான். அப்புறம் தெரிந்துகொள்கிற ஆர்வத்தோடு கேளுங்கள். இந்தப் பக்கத்தை நடத்துவது யார், எந்த ஊர்க்காரர்? அவரை நீ பார்த்திருக்கிறாயா? இவர் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான்? ஒரு தகராறு வந்து போலீஸ் பிடித்தால் இவர் உனக்கு ஜாமீன் எடுக்க வருவாரா? பதில் உடனே வராது. வர வேண்டியதும் இல்லை. அடுத்த முறை அந்த வீடியோ வரும்போது கேள்வி அவனுக்கு ஞாபகம் வரும், அது போதும்.

அந்த வயதுப் பையன்களிடம் நன்றாக வேலை செய்கிற ஒரு சோதனையும் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் இதுவரை சேர்ந்த பரிந்துரைகளை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வசதி செட்டிங்ஸில் உண்டு. யூடியூபிலும் பார்த்த வரலாற்றை அழித்து நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கமே காலியாகிவிடும். அவனே தன் கையால் இதைச் செய்யட்டும். பிறகு ஒரு வாரம் கபடியோ பைக் ரிப்பேரோ மட்டும் வேண்டுமென்றே நின்று பார்க்கட்டும், மற்றதைத் தள்ளிக்கொண்டே போகட்டும். ஒரே வாரத்தில் போன் வேறு ஆளின் போனைப் போல ஆகியிருக்கும். தன் விரல் எங்கே நின்றது என்பதை வைத்துத்தான் அந்த உலகமே கட்டப்பட்டிருந்தது என்று அவனே கண்ணால் பார்ப்பான். யாராவது தன்னை ஆட்டுவிக்கிறார்கள் என்று தெரிந்தால் 16 வயதுப் பையனுக்கு வருகிற ரோஷம் இருக்கிறதே, அது நம் அறிவுரை எல்லாவற்றையும் விடப் பெரியது. கணக்குத் தொடங்கும்போது எந்தப் பிறந்த வருடத்தைக் கொடுத்தான் என்றும் பாருங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் தனிக் கட்டுப்பாடுகளோடு கணக்கு இருக்கிறது, 2025-லிருந்து இந்தியாவிலும் உண்டு. வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் அவை எதுவும் அவனுக்குப் பொருந்தாது.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். இந்த மாற்றம் தொடங்கிய சமயத்தில் அவன் வாழ்க்கையில் என்ன நடந்தது? பத்தாவதில் எதிர்பார்த்த மதிப்பெண் வராமல் போனதா? விரும்பிய குரூப் கிடைக்கவில்லையா? கபடி அணியில் எடுக்கவில்லையா? யாராவது ஒரு பெண் பிள்ளை முடியாது என்று சொன்னாளா, வகுப்பில் எல்லோரும் பார்க்க அடி வாங்கினானா? என் அனுபவத்தில், சாதிக் கெத்துக்குள் ஓடி ஒளிகிற பையன்களில் பலர் அதற்குச் சற்று முன்புதான் எங்கேயோ சிறுமைப்பட்டிருக்கிறார்கள். நீ சிங்கம், நீ ஆளப் பிறந்தவன் என்று யாரோ சொல்லும்போது, சிறுமைப்பட்ட பையனுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று யோசியுங்கள். எந்த உழைப்பும் இல்லாமல் பிறந்ததாலேயே கிடைக்கிற மரியாதை அது. அந்தக் காயம் என்ன என்று கண்டுபிடித்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள். அவன் உடம்பும் நேரமும் கேட்கிற ஏதாவது ஒன்றில், ஊர் மைதானமோ என்.சி.சி.யோ மெக்கானிக் கடையோ, பல சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து வேர்வை சிந்துகிற இடத்தில் அவனைச் சேர்த்துவிடப் பாருங்கள். திட்டுவதற்கு முன்பிருந்த அந்தப் பையன் அவனுக்குள் இன்னும் இருக்கிறான்.

கயிற்றை நீங்கள் அறுக்காதீர்கள். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. எல்லாப் பையன்களுக்கும் ஒரே விதியாகப் பள்ளி அதைச் சொல்லட்டும் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் அதை வைத்து ஒரு போர் தொடங்கினால், கயிறு தியாகச் சின்னமாகிவிடும்.

இவ்வளவு நேரம் உங்கள் மகனைப் பற்றியே பேசிவிட்டோம். அந்த இன்னொரு பையனைப் பற்றி உங்கள் கடிதத்தில் இரண்டே வரிதான் இருக்கிறது. புகார் கொடுக்கவில்லை என்று எழுதும்போது உங்களுக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும், அது இயல்புதான். ஆனால் புகார் கொடுக்காததற்குக் காரணம் பயமாக இருக்கலாம். நம்பிய நண்பன் எல்லோர் முன்னாலும் அப்படி அழைத்த பிறகு, அந்தப் பையன் தினமும் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கே திட்டினானோ அங்கேயே, அதே வகுப்பில், ஆசிரியர் இருக்கும்போது கேட்க வேண்டும். நீங்கள் இழுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வைக்கிற மன்னிப்பு அந்தப் பையனை இன்னொரு முறை கூசச் செய்யும், அதனால் மகனிடம் பேசி அவனே முன்வரும் வரை பொறுங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகக் கூடாது, அதையும் சொல்லிவிடுங்கள். நடுவில் பெரியவர்களாகிய நீங்களும் உங்கள் கணவரும் அந்தப் பையனின் பெற்றோரிடம் போய்ப் பேசுங்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். "பசங்கதானே, விட்டுடுங்க" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. பழைய நட்பு திரும்ப வேண்டும் என்று அந்தப் பையனிடம் எதிர்பார்க்காதீர்கள். அவன் பேசலாம், பேசாமலும் போகலாம். அது அவன் இஷ்டம்.

சில அடையாளங்களைக் கண்டால் இந்த நிதானமெல்லாம் செல்லாது. உங்கள் மகன் குறிப்பிட்ட ஒருவனின் பெயரைச் சொல்லி, 'அவனை ஒரு நாள் பார்த்துக்கிறேன்' என்கிற மாதிரிப் பேசினால், உடனே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். புத்தகப் பையிலோ படுக்கைக்கு அடியிலோ ஆயுதம் எதையாவது பார்த்தாலும், அரிவாளோடு படம் எடுத்துப் போட்டாலும், 20 வயதைத் தாண்டிய 'அண்ணன்கள்' பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போனாலும் அப்படித்தான். 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், தேவைப்பட்டால் காவல்துறையையும் கூப்பிடுங்கள். சொந்த மகனைப் பற்றிப் போலீசுக்குச் சொல்வதா என்று நெஞ்சு அடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் காப்பாற்றுவது இரண்டு பிள்ளைகளை. பள்ளி கண்டுகொள்ளவில்லை என்றால் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது. மகன் மனம்விட்டுப் பேச விரும்பினால், அல்லது உங்களுக்கே தூக்கம் வராமல் போனால், 14416-ல் மனநல ஆலோசகர்கள் இலவசமாகப் பேசுவார்கள். தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று, உங்கள் கணவரும் படிக்க வேண்டியது. பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் குடும்பம் நாளைக்கே மனம் மாறிப் புகார் கொடுக்கலாம். அது அவர்களுடைய உரிமை. அப்படிக் கொடுத்தால், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நின்று வாபஸ் வாங்கச் சொல்லாதீர்கள். பணமும் பேசாதீர்கள். வழக்கறிஞரைப் பாருங்கள், மகனை அழைத்துக்கொண்டு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போங்கள், நடந்ததை நடந்தபடி அவனைச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்